கனமில்லாத கத்தரி

கண்ணு,

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. தபால்காரர் நீட்டியபோது என் கையெல்லாம் மாவு. முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி, அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே படித்தேன். ஓசூரில் உனக்கு அறை கிடைத்தது, மெஸ்ஸில் சாம்பார் இனிப்பது, காலையில் குளிர் ஜாஸ்தி என்பது எல்லாம் படித்தேன். கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாய்: "செடி வெட்டுற மெஷின் டிசைன் பண்ற செக்‌ஷன்ல போட்டிருக்காங்க. இப்ப இருக்கிறது ரொம்பக் கனமாம். லேசாப் பண்ணணுமாம்." அந்த வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். அப்பாவிடம் கொடுத்தேன். அவர் படித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செங்கம் ரோட்டு லாரி ஷெட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து, "அவனுக்கு நீயே எழுது. நடந்தது பூரா உனக்குத்தான் தெரியும்" என்றார். அதனால்தான் இந்த நீளக் கடிதம். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா செய்த பச்சை மெஷின் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த மெஷின் பட்டு ராஜம்மா அத்தைக்குக் காலில் அடிபட்டதும், அப்பா வேறொன்று செய்ததும் உனக்குத் தெரியும். அப்போது நீ நாலாம் வகுப்பு. தெரியாதது ஒன்று இருக்கிறது. அந்த அடிக்கு நானும் ஒரு காரணம். இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

மல்லிச் செடிக்கு கவாத்து என்றால் என்ன என்று உன் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. கார்த்திகை தீபம் முடிந்த கையோடு தண்ணீரை நிறுத்தி, செடியைக் காயவிட்டு, முழங்கால் உயரத்துக்கு மொத்தத்தையும் வெட்டிவிட வேண்டும். வெட்டினால்தான் பங்குனியில் பூ. அடி அண்ணாமலைப் பக்கம் அந்த வேலைக்கு எப்போதும் பெண்கள்தான் போவோம். நாங்கள் எட்டுப் பேர். நீ அத்தை என்கிற ராஜம்மா அக்காதான் எங்களுக்கு மேஸ்திரி. ஒற்றைக் கையில் பிடிக்கிற கத்தரி. பென்சில் கனத்துக் குச்சியை நறுக்க ஒரு நெரிப்பு. ஒரு செடிக்கு முப்பது நாற்பது குச்சி. நாள் முழுக்க எத்தனை செடி என்று நீயே யோசித்துப் பார். நம்முடைய அரைக் காணியை முடித்துவிட்டு நயினார் தோட்டத்துக்குப் போவோம். நயினார் என்றால் உனக்குத் தெரியும், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற ஜைனக் குடும்பம், பக்கத்துக் கிராமத்தில் ஐந்து ஏக்கர் மல்லி. இரண்டு மாதம் கத்தரி கையை விட்டு இறங்காது. மெஷின் வந்ததற்கு முந்தின வருஷம் என் வலது மணிக்கட்டு வீங்கிப்போய், விரல்கள் மரத்து, உனக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூட முடியவில்லை. நீயே போட்டுக்கொண்டு, மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாய்.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வாயால் ஆறுதல் சொல்ல வராது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் வயரிங் பார்க்கிறவர், டைனமோ கழற்றுகிறவர். அவருக்கு வருத்தம் வந்தால் எதையாவது கழற்றி மாட்டுவார். பழைய இரும்புக் கடையில் ஒரு துளை போடும் மெஷினின் மோட்டார் வாங்கினார். அதன் முன்னால் இரண்டு பல் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஓடும்படி வைத்தார். மூன்று மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட அவர் வீட்டில் இல்லை. கடைசியில் பச்சை பெயிண்ட் அடித்து, கைப்பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றி, கிணற்று மோட்டார் கொட்டகையிலிருந்து நீள வயர் இழுத்து, தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவரே பிடித்து ஒரு வரிசையை வெட்டிக் காட்டினார். நாங்கள் அரை நாள் செய்கிற வேலை, பீடி ஒன்று புகைந்து முடிவதற்குள் முடிந்தது. பெண்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் என் கையில் கொடுத்தார்.

தராசில் போட்டால் ஏழு கிலோ என்று பிற்பாடு தெரிந்தது. கனம் மட்டும் இல்லை கண்ணு. அந்தக் கனமெல்லாம் முன்னால் இருந்தது. நீட்டிப் பிடித்தால் மூக்குத் தரையைப் பார்க்கும். அதைத் தூக்கி நிறுத்தவே தோள் போய்விடும். அப்பா லாரி பேட்டரிகளை ஒற்றைக் கையில் தூக்கி வைக்கிறவர். அவருக்கு அது தெரியவே இல்லை. நான் அரை வரிசை வெட்டினேன். தோளில் ஏதோ கழன்றது போல் இருந்தது. இறக்கி வைத்துவிட்டு, கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டேன்.

"எப்டி இருக்குது?" என்றார்.

"நல்லா இருக்குதுங்க."

"கனமா இல்லியே?"

"இல்லீங்க. சும்மா பஞ்சு மாதிரி இருக்குது."

அவ்வளவுதான். இதுதான் நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய பொய். ஏன் சொன்னேன் என்றால், அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. என் மணிக்கட்டுக்காகவே செய்தார் என்பது தெரியும். அந்த முகத்தில் மண்ணை அள்ளிப் போட எனக்கு மனசு வரவில்லை. அன்பாகத்தான் சொன்னேன். ஆனால் அன்பாகச் சொன்னாலும் பொய் பொய்தான், அது எங்கே போய் யாரைக் குத்தும் என்று சொன்னவளுக்கே தெரியாது.

அதனால்தான் முதலில் இதை எழுதுகிறேன். நீ ஒரு மெஷினைச் செய்து ஒருத்தர் கையில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால், அவர்கள் மெஷினைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார்கள். உன்னைப் பார்த்துச் சொல்வார்கள். நீ கோட்டு போட்ட ஆபீஸர் என்றால் பயந்து நல்லாயிருக்கிறது என்பார்கள். நீ நல்ல பிள்ளையாக இருந்தால் பாவம் என்று நல்லாயிருக்கிறது என்பார்கள். இரண்டையும் நம்பாதே.

நயினார் விஷயம் கேள்விப்பட்டு, தன் தோட்டத்திலும் அந்த மெஷினை ஓட்டச் சொன்னார். எனக்கு மணிக்கட்டு சரியில்லை என்று நான் சாக்கு சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். மெஷினை ராஜம்மா அக்கா வாங்கிக்கொண்டாள். அவள் என்னைவிட ஒல்லி, என்னைவிட எட்டு வயது மூத்தவள். புருஷன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். காலையிலிருந்து வெட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும் வெட்டினாள். நான் நாலு வரிசை தள்ளி வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தோள் இறங்குவதைப் பார்த்தேன். மெஷினின் மூக்கு தாழ்ந்து தாழ்ந்து போவதைப் பார்த்தேன். கூப்பிட்டு நிறுத்தச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் மூக்கு மொத்தமாகத் தாழ்ந்து, பல் பட்டை அவள் முழங்காலுக்கு மேலே விழுந்தது.

நயினார் தன் காரிலேயே போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பதினொரு தையல். கவாத்துக் காலம் முழுக்க அவள் படுத்துவிட்டாள். அவள் வீட்டுக்குச் சோறு நாங்கள் ஏழு பேரும் முறை வைத்துக் கொடுத்தோம்.

அப்பா மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சுவிட்சைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. "எதுவும் பழுது இல்லியே, அவங்கதான் கவனமில்லாம புடிச்சிருப்பாங்க போல" என்றார். ஊரிலும் அப்படித்தான் பேசினார்கள். பொம்பளைக்கு எதற்கு மெஷின் என்றுகூடப் பேசினார்கள். அஞ்சு நாள் நான் அதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தேன். அந்தப் பொய்யைவிட இந்த அஞ்சு நாள்தான் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆறாம் நாள் என் முறை. ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு போனேன். ராஜம்மா அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "கவனமில்லாம புடிச்சேன்னு சொல்றாங்களா?" என்று அவளே கேட்டாள். நான் தட்டில் சோற்றைப் போட்டேன்.

"நான் கவனமாத்தான்டி புடிச்சேன். கைதான் ஓஞ்சி போச்சி. காலையிலியே ஓஞ்சி போச்சி."

"அப்ப ஏன்க்கா கீழ வெக்கல?"

"நீ பஞ்சு மாதிரி இருக்குதுன்னு சொன்னியே. அவளுக்குப் பஞ்சா இருக்குது, எனக்கு மட்டும் கனமா இருக்குதேன்னு பாத்தேன். வயசாயிடுச்சோ, ஒடம்புல தெம்பு இல்லியோன்னு நெனச்சேன். அத வெளிய சொன்னா நாளைக்கு யாரு வேலைக்குக் கூப்புடுவாங்க?"

நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். "எனக்கும் கனமாத்தான்க்கா இருந்துச்சி. அரை வரிசையில தோள் கழண்டுடுச்சி" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப எனக்குத் தெம்பு போயிடல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை திட்டு விழுந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அங்கிருந்து நேராக ஷெட்டுக்கு நடந்தேன். வெயில் உச்சியில். அப்பா ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரச் சொல்லி, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பச்சை மெஷினை எடுத்து என்னிடம் கொடுத்து, "நீட்டிப் புடி. எனக்காகப் புடிக்காத. முடியலன்னா வெச்சிடு" என்றார். பிடித்தேன். அவர் முன்னால் குந்திக்கொண்டு மெஷினைப் பார்க்காமல் என் முழங்கையைப் பார்த்தார். நூறு எண்ணுவதற்குள் இறக்கி வைத்துவிட்டேன்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"உங்க மொகத்தப் பாத்தேன்."

"மெஷினுக்கு என் மொகமா மாட்டியிருக்குது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு ராஜம்மா வீட்டுக்குப் போய், "உங்க மேல தப்பு இல்ல. நான் செஞ்சதுதான் தப்பு" என்று வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழும்படி சொன்னார். உன் அப்பாவை நான் புருஷனாக மதித்தது கல்யாணத்திலிருந்து. மனுஷனாக மதித்தது அன்றிலிருந்து. நாளைக்கு உன் வேலையிலும் தப்பு நடக்கும். நடந்தால், பேப்பரில் எழுதிக் கொடுப்பதோடு நிற்காதே. அடிபட்டவர் வாசலுக்குப் போய் நின்று சொல்.

அப்புறம் அவர் வேலை செய்த விதமே மாறிவிட்டது. கரண்ட் வேண்டாம், ஈர மண்ணில் ஆபத்து என்று முதலில் முடிவு செய்தார். உடைந்த லாரியிலிருந்து ஒரு வைப்பர் மோட்டார் கழற்றி வந்தார், கண்ணாடியில் மழைத் தண்ணீரைத் துடைக்குமே, அதை ஓட்டுகிற மோட்டார். பேட்டரியில் ஓடும், தொட்டால் ஷாக் அடிக்காது. வேகம் கம்மி, ஆனால் பிடி ஜாஸ்தி. அதோடு, சுவிட்சை விட்டுவிட்டாலும் தொடங்கிய இடத்துக்கு வந்துதான் நிற்கும். அதனால் ஒரு அழுத்து அழுத்தினால் ஒரே ஒரு வெட்டு, கத்தரி திறந்து நின்றுவிடும். அதை எங்கள் பழைய கத்தரியிலேயே மாட்டினார். நல்ல யோசனைதான். ஆனால் மோட்டாரைக் கத்தரியோடு சேர்த்துப் பிடித்தால் கையில் இரண்டு கிலோ. நான் இந்த முறை ஒளிக்கவில்லை. "கனம்" என்றேன். அவர் மோட்டாரை இங்கே மாற்றினார், அங்கே மாற்றினார். "இதுக்கு மேல கம்மி பண்ண முடியாது" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்கு வழி சொன்னது ராஜம்மா அக்கா. கோலை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்த நேரம். ஷெட்டுக்கு வந்து ஒரு டயர் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு கனத்தக் கையிலியே குடுக்கறீங்க? நாங்க தண்ணி கொடத்த கையிலியா நீட்டிப் புடிச்சிக்கினு போறோம்? இடுப்புல வெச்சிக்கறோம். இடுப்பு தாங்கும்" என்றாள். அப்பா எழுந்து நின்றார். நேரே போய் ஒரு ஸ்கூட்டரின் கிளட்ச் கேபிளைக் கழற்றினார்.

இரண்டு நாளில் மோட்டார் இடுப்புப் பட்டையில் ஏறிவிட்டது. அது இழுக்கிற இழுப்பைக் கேபிள் கத்தரிக்குக் கொண்டுபோனது. பேட்டரி ஒரு சின்னத் தள்ளுவண்டியில் வரப்பு மேல் நின்றது. கையில் இருந்தது வெறும் கத்தரியும் ஒரு காலிங்பெல் பட்டனும்தான். மோட்டாரும் கத்தரியும் சேர்ந்த கனம் அதே இரண்டு கிலோதான், குறையவில்லை. ஆனால் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் மேலதிகாரி கிலோவைக் குறைக்கச் சொல்லியிருப்பார். குறை. கூடவே, மிச்சமிருக்கிற கிலோ உடம்பில் எந்த இடத்தில் உட்காருகிறது என்றும் பார்.

எடுத்த எடுப்பில் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நினைக்காதே. கேபிள் அறுந்தது. பட்டை இடுப்பைத் தேய்த்துப் புண்ணாக்கியது. பழைய புடவையை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். கத்தரி திறக்கிற ஸ்பிரிங்கில் ஒருத்திக்குத் தோல் மாட்டிக்கொண்டது. அந்தக் காலம் முழுக்க அப்பா எங்கள் யாரையும் எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை. ஒரு மணி நேரம் வெட்ட விடுவார். வெட்டி முடித்ததும் கனகாம்பரத்தையும் நாரையும் கையில் கொடுத்து, "ஒரு முழம் கட்டுங்க" என்பார். கை ஓய்ந்திருந்தால் முடிச்சு வழுக்கும், பூ நழுவும், காம்பு நசுங்கும். நாங்கள் வாயால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், விரல் பொய் சொல்லாது. எந்த மெஷினுக்கு அப்புறம் பூ நன்றாகக் கட்ட வருகிறதோ, அதுதான் நல்ல மெஷின் என்று வைத்துக்கொண்டார். ஆம்பிளைக்குப் பூக் கட்டத் தெரியாது என்று கேலி செய்தோம். ஆனால் முடிச்சைப் பார்த்தே யாருக்கு எந்த விரல் வலிக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அடுத்த வருஷக் கவாத்தில், நம் தோட்டத்தில், ராஜம்மா அக்கா பட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். அந்தக் கால் லேசாக இழுத்தது. காலை வெயிலில் தொடங்கி, நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடித்துவிட்டு, மத்தியானம் வரை வெட்டினாள். அப்புறம் வரப்பில் உட்கார்ந்து, கேட்காமலே பூவை எடுத்தாள். ஒரு முழம் கட்டினாள். நிறுத்தாமல் இன்னொரு முழம் கட்டினாள். ஒரு பூ நழுவவில்லை. அதில் பாதியை வெட்டி என் தலையில் வைத்துவிட்டு, "பஞ்சு மாதிரி இருக்குதுடி" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், காதில் விழாமல் தள்ளி நின்றிருந்த அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அது உலகத்தை மாற்றிவிடவில்லை. மொத்தம் நாலு செய்தார். விவசாய ஆபீஸிலிருந்து ஒருத்தர் வந்து படம் வரைந்துகொண்டு போனார், அப்புறம் ஒரு தகவலும் இல்லை. பேட்டரி சார்ஜ் தீர்ந்தால் கைக் கத்தரிதான் இன்றைக்கும். ஆனால் என் மணிக்கட்டு பிழைத்தது. ராஜம்மா அக்கா அந்தக் கையால் வேலை செய்துதான் இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தாள். நான் இந்த வயதில் இத்தனை பக்கம் எழுதுகிறேன் என்றால், அந்தக் கேபிளுக்கும் அதில் பங்கு உண்டு.

நீ எங்களைவிடப் படித்தவன். கம்ப்யூட்டர் எல்லாம் வந்துவிட்டது என்கிறாய். உன்னிடம் நல்ல இரும்பு, நல்ல பிளாஸ்டிக், சின்ன மோட்டார் எல்லாம் இருக்கும். அப்பா பழைய இரும்புக் கடையில் பொறுக்கிச் செய்ததை நீ எவ்வளவோ நன்றாகச் செய்வாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. யாருக்காகச் செய்கிறாயோ அவர்களை மட்டும் காகிதத்தில் வரைந்து பார்க்காதே, எதிரில் உட்கார வைத்துப் பார். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. குளிருக்கு அப்பாவின் கம்பளியை அனுப்புகிறேன் என்று எழுத நினைத்தேன், இப்போது அனுப்பத் தேவைப்படாது போல இருக்கிறது. ஏனென்றால் நாங்களே கொண்டு வருகிறோம்.

நேற்று ராஜம்மா அத்தையிடம் உன் வேலையைப் பற்றிச் சொன்னேன். "அப்ப அவனுக்கு வெட்டிப் பாக்க ஆள் வேணுமில்ல?" என்றாள். அவள் செங்கத்தைத் தாண்டி பஸ் ஏறியதே இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை கிருஷ்ணகிரி பஸ்ஸில் மூன்று பேரும் கிளம்புகிறோம். உங்கள் கம்பெனியைச் சுற்றிச் செடி வேலி இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, மேலதிகாரியிடம் கேட்டு, நாங்கள் வந்து சேரும்வரை அதை யாரும் வெட்ட வேண்டாம் என்று சொல்லி வை.

அம்மா